தாயாகவும் தொண்டராகவும்: வைத்தியர் மேரி ரட்ணத்தின் வாழ்வும் பணியும்

(தரம் 10, 11 மாணவர்களுக்கும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு மீட்டல் செய்வோருக்கும் உரியது)

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• சமூகத் தொண்டு என்பதன் பொருளை உதாரணங்களுடன் விளக்குவீர்கள்.
• இலங்கையில் கிராமிய மாதர் சங்கங்கள் தோன்றிய வரலாற்றைக் கூறுவீர்கள்.
• வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரை ஒன்றை முறையாக எழுதுவீர்கள்.
• உங்கள் ஊரில் தொண்டு செய்யும் ஒரு தாயின் பணியை மதிப்பிட்டு எழுதுவீர்கள்.

1. அறிமுகம்

மாணவர்களே, திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் வீதியில் நிலாவெளியைக் கடந்து சென்றால் இறக்கக்கண்டி வரும். ஒரு புறம் கடல், மறு புறம் களப்பு. களப்பைக் கடக்கும் பாலம் 2009 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் திறந்து வைக்கப்பட்டது. அதன் நீளம் 300 மீற்றர். பாலத்தின் நீளமும் திறக்கப்பட்ட திகதியும் ஏடுகளில் உள்ளன. யார் கேட்டாலும் எடுத்துக் காட்டலாம்.

ஆனால் அதே ஊரில், விடியுமுன் எழுந்து தன் வீட்டு அடுப்பை மூட்டி, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சமைக்கப் போகும் தாயின் உழைப்பு எந்த ஏட்டில் உள்ளது? மாதர் சங்கக் கணக்குக் கொப்பியைச் சேலைத் தலைப்பில் மறைத்து மழையில் நனையாமல் கொண்டுவரும் பெண்ணின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? அவரை நீங்கள் அம்மா என்றோ உம்மா என்றோ அழைக்கலாம். பரீட்சைத் தாளில் "சமூகத் தொண்டர் ஒருவர்" என்ற தலைப்பு வந்தால் மட்டும் அவர் உங்கள் நினைவுக்கு வருவதில்லை. வேறு நாட்டுப் பெரியார் ஒருவரைத் தேடி எழுதுகிறீர்கள்.

இப்பாடமும் வேறு நாட்டில் பிறந்த ஒருவரைப் பற்றியதுதான். ஆனால் அவர் நம் நாட்டுக்கு வந்து, நம்மவர் ஒருவரை மணந்து, இங்கேயே பிள்ளைகளை வளர்த்து, இங்கேயே மறைந்தவர். அவருடைய வாழ்வைக் கற்பதன் மூலம் உங்கள் ஊர்த் தாய்மாரைப் பார்க்கும் கண்ணைப் பெறுவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

2. ஒரு தாயின் துயரத்தில் பிறந்த சங்கம்

மேரி ரட்ணத்தைப் பற்றி அறியுமுன் இன்னொரு தாயைப் பற்றி அறிந்துகொள்வோம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழ்ந்தவர் அடலெய்ட் ஹூட்லெஸ் (1857 - 1910). அவருக்குப் பிள்ளைகள் நால்வர். கடைக்குட்டி மகன் 1889 ஆம் ஆண்டு கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்தான். மாசடைந்த பாலே அதற்குக் காரணம் எனக் கருதப்பட்டது.

அக்காலத்தில் பால் திறந்த பாத்திரங்களில் வண்டியில் வந்தது. வழியில் தூசியும் ஈயும் சேர்ந்தன. வெதுவெதுப்பான பாலில் நோய்க்கிருமிகள் விரைவாகப் பெருகும். பாலை ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் அரை மணிநேரம் வைத்தால் நோய்க்கிருமிகள் அழியும். லூயி பாஸ்டரின் ஆய்வுகள் அதற்கு முன்னரே வெளிவந்திருந்தன. ஆனால் அந்த அறிவு வீட்டு அடுப்படிவரை வந்து சேரவில்லை. அறிவு எங்கோ இருந்தது, பிள்ளை இங்கே இறந்தது.

ஹூட்லெஸ் தன் துயரத்தோடு ஒதுங்கிவிடவில்லை. வீட்டுச் சுகாதாரத்தையும் மனையியலையும் பாடசாலைகளில் கற்பிக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று பேசினார். விவசாயிகளுக்குச் சங்கம் இருக்கும்போது அவர்களுடைய மனைவியருக்கு ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டார். 1897 ஆம் ஆண்டு பெப்ரவரி 19 ஆம் திகதி ஒன்ராறியோவில் ஸ்டோனி கிறீக் என்னும் இடத்தில் முதலாவது கிராமிய மாதர் சங்கம் உருவாயிற்று. அச்சங்க முறை 1915 இல் பிரித்தானியாவுக்கும் பரவியது. 1910 ஆம் ஆண்டு ரொறன்ரோவில் மேடையில் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே ஹூட்லெஸ் சாய்ந்து உயிர்நீத்தார். மறுநாள் அவருடைய பிறந்தநாள்.

3. மேரி ரட்ணத்தின் இளமையும் திருமணமும்

அதே ஒன்ராறியோ மாகாணத்தில் 1873 ஆம் ஆண்டு மேரி ஹெலன் இர்வின் பிறந்தார். பெண்கள் வைத்தியராவது அரிதாக இருந்த அக்காலத்தில் ரொறன்ரோவில் வைத்தியக் கல்வியை முடித்தார். யாழ்ப்பாணத்தில் பெண்களுக்கு வைத்தியம் செய்வதற்காக அமெரிக்க மிஷனரிமாரால் தெரிவு செய்யப்பட்டார். 1896 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தபோது அவருடைய வயது 23.

இதற்கிடையில் யாழ்ப்பாணத் தமிழரான எஸ்.சி.கே. ரட்ணம் என்பவரை அவர் மணந்துகொண்டார். மணமகனும் கிறித்தவரே. ஆயினும் வெள்ளையரான ஒரு பெண் தமிழர் ஒருவரை மணந்ததை மிஷனரிமார் ஏற்கவில்லை. எந்தப் பணிக்காகக் கடல் கடந்து வந்தாரோ அந்தப் பணி அவருக்கு மறுக்கப்பட்டது.

இவ்விடத்தைக் கவனமாகப் படியுங்கள். எல்லா மனிதரும் சமம் என்று போதிக்க வந்தவர்களே அதை நடைமுறையில் ஏற்கத் தயங்கினர். மேரிக்கு இரு வழிகள் இருந்தன. தாய்நாட்டுக்குத் திரும்பலாம், அல்லது சம்பளமும் பதவியும் இல்லாமல் இங்கேயே வாழத் தொடங்கலாம். அவர் இரண்டாவது வழியைத் தெரிந்தெடுத்தார். கொழும்பில் குடியேறிப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் செய்தார். தன் பிள்ளைகளையும் வளர்த்தார். ஏறத்தாழ 65 ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்து 1962 இல் மறைந்தார்.

4. சமூகப் பணிகள்

வைத்தியர் ஒருவர் நோயாளியின் வீட்டுக்குள் செல்கிறார். அங்கே நோயை மட்டுமா காண்கிறார்? இருண்ட அறை, கொதிக்கவைக்காத நீர், அடுத்தடுத்த பிரசவத்தால் இளைத்த தாய், கையொப்பமிடத் தெரியாத பெண் ஆகியவற்றையும் காண்கிறார். மருந்துச் சீட்டால் இவற்றைத் தீர்க்க முடியாது. இதை உணர்ந்ததால் மேரி ரட்ணம் சங்கங்களை அமைக்கத் தொடங்கினார்.

(அ) பெண்கள் அமைப்புகள்: 1904 இல் இலங்கைப் பெண்கள் சங்கத்தையும் 1909 இல் கொழும்பில் தமிழ்ப் பெண்கள் சங்கத்தையும் தொடக்கியவர்களுள் அவர் முதன்மையானவர். தமிழ்ப் பெண்கள் சங்கம் பிற்காலத்தில் இசை, நடனம் கற்பிக்கும் கலாலயத்தையும் நடத்தியது.

(ஆ) சுகாதாரக் கல்வி: பாடசாலைகளில் பயன்படுத்துவதற்கான சுகாதாரக் கைந்நூலை எழுதினார். ஒன்ராறியோவில் ஹூட்லெஸ் வற்புறுத்திய அதே கருத்தை அவர் நம் நாட்டு வகுப்பறைக்குக் கொண்டுவந்தார் எனலாம்.

(இ) வாக்குரிமை: 1927 ஆம் ஆண்டு இறுதியில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. அக்காலத்தில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்திருந்தது. சங்கத்துப் பெண்கள் அதன் முன் தோன்றிச் சாட்சியமளித்தனர். மேரி ரட்ணமும் அவ்வியக்கத்தில் பங்குகொண்டார். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்குரிமை என ஆணைக்குழு முதலில் விதந்துரைத்தது. இறுதியில் 21 வயதடைந்த ஆண், பெண் இருபாலாருக்கும் வழங்கப்பட்டது. 1931 இல் அதன்படி முதலாவது பொதுத் தேர்தல் நடைபெற்றது. எனினும் வதிவிட நிபந்தனைகளால் தோட்டத் தொழிலாளர் பலர் வாக்காளர் ஆக முடியவில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

(ஈ) உள்ளூராட்சி: 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். அச்சபைக்குத் தெரிவான முதற்பெண் அவரே. ஆனால் சட்ட நுணுக்கம் ஒன்றின் காரணமாக அப்பதவியை இழந்தார். மிஷன் பணியை இழந்தபோது செய்ததையே இப்போதும் செய்தார். பதவி போனது, வேலை நிற்கவில்லை.

5. லங்கா மகிளா சமித்தி

மேரி ரட்ணத்தின் பணிகளுள் தலையாயது 1930 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லங்கா மகிளா சமித்தியாகும். "மகிளா சமித்தி" என்றால் மாதர் சங்கம். இப்பெயரும் முறையும் வங்காளத்தில் ஏற்கனவே வழங்கின. அங்கே சரோஜ நளினி தத் (1887 - 1925) என்னும் பெண்மணி 1913 இல் பாப்னா நகரில் முதலாவது மகிளா சமித்தியை அமைத்திருந்தார். அவரும் ஒரு தாயே. ஒன்ராறியோவின் கிராமிய மாதர் சங்கம், வங்காளத்தின் மகிளா சமித்தி ஆகிய இரண்டின் அனுபவமும் இலங்கையில் ஒன்றுசேர்ந்தன.

நகரத்துச் சங்கங்களில் ஆங்கிலம் கற்ற பெண்களே பெரும்பாலும் இருந்தனர். மகிளா சமித்தியோ கிராமத்துக்குச் சென்றது. அங்கத்தவர்கள் கிராமத்துப் பெண்கள். அவர்கள் கற்றவை வருமாறு:
• குழந்தைப் பராமரிப்பு, போசாக்கு, முதலுதவி
• நெசவு, தையல் முதலிய கைப்பணிகள்
• வீட்டுத்தோட்டம், கோழி வளர்ப்பு
• கூட்டம் நடத்துதல், அறிக்கை எழுதுதல், கணக்கு வைத்தல்

கடைசியாகக் கூறியது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் வீட்டுக்கு வெளியே வாய் திறந்து பேசியறியாத ஒரு பெண், "தலைவி அவர்களே, எனக்கு ஒரு கருத்து உண்டு" என்று எழுந்து நின்றால் அன்று அவ்வூர் மாறத் தொடங்குகிறது. தையலை எவரும் கற்பிக்கலாம். எழுந்து நின்று பேசும் துணிவு சங்கத்தில்தான் வளரும்.

இன்று நம் கிராமங்களில் காணப்படும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் வேறு அமைப்புக்குரியவை. ஆயினும் பெண்கள் ஒன்றுகூடித் தம் ஊர்த் தேவையைத் தாமே பேசித் தீர்க்கும் வழக்கம் இவ்வாறுதான் நாட்டில் வேரூன்றியது.

6. கௌரவம்

1958 ஆம் ஆண்டு ரேமன் மகசேசே விருது முதன்முறையாக வழங்கப்பட்டது. அவ்வாண்டு சமூகத் தலைமைக்கான விருது இந்தியாவின் வினோபா பாவேக்குக் கிடைத்தது. பொதுச் சேவைக்கான விருது மேரி ரட்ணத்துக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 85. அரச பதவி எதுவுமின்றிச் சாதாரண குடிமகளாக இருந்து பிறர் தேவைக்கு வாழ்வை அளித்தமைக்காகவே அவ்விருது வழங்கப்பட்டது.

7. மதிப்பீடு

இலங்கையில் மலேரியா பரவிய 1935 ஆம் ஆண்டில், பிறந்த 1000 குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. அதாவது நான்கில் ஒன்றுக்கும் மேல். இன்று அத்தொகை 10 இலும் குறைவு. இவ்வீழ்ச்சியை ஒருவருடைய சாதனையாக எழுதுவது பிழை. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, குடும்ப நல மாதரின் வீட்டுத் தரிசிப்பு, தாய் சேய் நிலையங்கள், மலேரியாக் கட்டுப்பாடு, தடுப்பூசி, இலவசக் கல்வி ஆகிய பலவும் சேர்ந்து ஏற்படுத்திய விளைவு இது. ஆனால் நிலையம் திறந்தால் மட்டும் போதாது. "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, பயப்படாதே, நானும் வருகிறேன்" என்று கூற அடுத்த வீட்டில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவரே சமூகத் தொண்டர்.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். கடையில் விற்கும் சோற்றுப்பார்சல் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சேர்கிறது. அதே சோற்றைத் தாய் வீட்டில் சமைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தால் அது கணக்கில் சேர்வதில்லை. ஊதியம் இல்லாத வேலையை ஏடு காணாது. அதனால் அவ்வேலைக்கு மதிப்பில்லை என்று நாமும் எண்ணிவிடுகிறோம். "அம்மா என்ன செய்கிறார்?" என்று கேட்டால் "சும்மா வீட்டில் இருக்கிறார்" என்கிறோம். இனிமேல் அவ்வாறு விடை எழுதாதீர்கள்.

8. கால வரிசை

1873 - மேரி இர்வின் கனடாவில் பிறத்தல்
1896 - இலங்கைக்கு வருதல்
1897 - ஒன்ராறியோவில் முதலாவது கிராமிய மாதர் சங்கம்
1904 - இலங்கைப் பெண்கள் சங்கம்
1909 - தமிழ்ப் பெண்கள் சங்கம்
1927 - பெண்கள் வாக்குரிமைச் சங்கம்
1930 - லங்கா மகிளா சமித்தி
1931 - சர்வஜன வாக்குரிமையின்படி முதலாவது தேர்தல்
1937 - கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவாதல்
1958 - மகசேசே விருது
1962 - மறைவு

9. மாணவர் விடும் பொதுவான பிழைகள்

• மேரி ரட்ணம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என எழுதுதல். அவர் பிறந்தது கனடாவில்.
• 1931 இல் பெண்களுக்கு மட்டும் வாக்குரிமை கிடைத்தது என எழுதுதல். அது இருபாலாருக்கும் உரிய சர்வஜன வாக்குரிமை.
• தொண்டு என்றால் பணம் கொடுப்பது என விளக்குதல். பணம் கொடுப்பது நன்கொடை. நேரத்தையும் உழைப்பையும் கொடுப்பது தொண்டு.

10. மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: கிராமிய மாதர் சங்கம் தோன்றக் காரணமான கருத்து யாது?
விடை: வீட்டுச் சுகாதாரம் பற்றிய அறிவு தாய்மாருக்குக் கிடைத்தால் குழந்தைகளின் உயிரைக் காக்கலாம் என்பதாகும்.

வினா 2: மேரி ரட்ணம் மிஷன் பணியை இழந்தமை அவருடைய வாழ்வில் ஏற்படுத்திய மாற்றம் யாது?
விடை: ஒரு நிறுவனத்தின் ஊழியராக இருக்க வேண்டியவர், கொழும்பில் சுயமாக வைத்தியம் செய்தபடி சமூகத் தொண்டராக மாறினார்.

வினா 3: "மகிளா சமித்தி தையலை விடப் பெரியதொன்றைக் கற்பித்தது." விளக்குக.
விடை: கைப்பணியோடு கூட்டம் நடத்தவும் கணக்கு வைக்கவும் கருத்துரைக்கவும் பெண்கள் பழகினர். இதனால் தன்னம்பிக்கையும் தலைமைத்துவமும் வளர்ந்தன.

வினா 4: "எனது ஊரின் சமூகத் தொண்டர்" என்னும் தலைப்பில் ஒரு பந்தி எழுதுக.

மாதிரி விடை: இறக்கக்கண்டியில் வாழும் என் தாயே நான் அறிந்த சமூகத் தொண்டர். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரையைத் தாக்கியபோது அவர் பாடசாலை மாணவி. இடம்பெயர்ந்தோர் தங்கிய முகாமில் முன்பின் தெரியாத ஒரு பெண் தன் பிள்ளையோடு தன்னையும் சேர்த்து இருத்திச் சோறு ஊட்டியதாகக் கூறுவார். அப்பெண் எந்த ஊர், எந்தச் சமயம் என்று அவர் கேட்கவில்லை. பின்னர் தேடியும் காணவில்லை. இன்று என் தாய் கிழமையில் மூன்று நாட்கள் முன்பள்ளிக்குச் சமைத்துக் கொடுக்கிறார். சம்பளம் இல்லை. "ஏனம்மா இந்தக் கஷ்டம்?" என்று கேட்டேன். "அந்த அம்மாவுக்குத் திருப்பிக் கொடுக்க வேறு வழி தெரியவில்லை, மகன்" என்றார். இதை எழுதும்வரை அவர் செய்வது தொண்டு என்று நான் நினைத்ததில்லை.

ஆசிரியர் குறிப்பு: இப்பந்தியில் "என் தாய் தியாகத்தின் திருவுருவம்" போன்ற தொடர் ஒன்றும் இல்லை. ஒரு நாள், ஓர் இடம், ஒரு செயல், ஒரு கூற்று மட்டுமே உண்டு. அதனாலேயே படிப்பவர் நம்புகிறார். புகழுரைகளை அடுக்காமல் கண்டதை எழுதுங்கள்.

11. கட்டுரை எழுதும் முறை

• முதலில் ஐந்து நிமிடம் குறிப்பெழுதுக: யார், எங்கே, எதைச் செய்தார், ஏன் செய்தார், என்ன இடர் வந்தது, அதன்பின் என்ன செய்தார்.
• இடரை மறைக்காதீர்கள். மேரி ரட்ணத்தின் வாழ்வில் இழந்த பணியையும் இழந்த பதவியையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் பட்டியல்.
• தெரியாத ஆண்டை ஊகித்து எழுதாதீர்கள். "சில ஆண்டுகளின் பின்" என்றால் போதும்.
• முடிவுரையில் முன்னுரையைத் திரும்ப எழுத வேண்டாம். அவரிடமிருந்து நீங்கள் கற்ற ஒன்றை எழுதுக.

12. செயற்பாடு

இன்று மாலை உங்கள் தாயிடம் அல்லது பாட்டியிடம் அல்லது உங்களை வளர்ப்பவரிடம் கொப்பியும் பேனாவும் கொண்டு அமருங்கள். பின்வருவனவற்றைக் கேட்டு எழுதுங்கள்.
(1) இன்று காலை எழுந்தது முதல் செய்த வேலைகளும் ஒவ்வொன்றுக்கும் எடுத்த நேரமும்.
(2) அவற்றுள் வீட்டுக்காகச் செய்தவை எவை? ஊருக்காகச் செய்தவை எவை?
(3) நீங்கள் பிறக்குமுன் அவருக்கு யார் உதவினார்கள்?
(4) செய்ய விரும்பியும் செய்ய முடியாமற் போனது யாது?

முதல் வினாவுக்கு "அப்படி ஒன்றும் செய்யவில்லை" என்ற விடையே பெரும்பாலும் வரும். அதை அப்படியே எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். "விடிய எத்தனை மணிக்கு எழும்பினீங்கள்?" என்று கேட்டு அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு பக்கம் போதாது, கூடுதல் தாள் வைத்திருங்கள். எழுதி முடித்ததும் திகதியிட்டு, அவருடைய முழுப் பெயரையும் மேலே எழுதுங்கள். அவருடைய பெயர் ஓர் ஏட்டில் ஏறுவது இதுவே முதல் தடவையாக இருக்கலாம்.